கடலைப் பார்த்த காவிச் சுவர்

பேய், பிசாசு என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வருகிற ஆள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து வருஷம் பஸ் ஓட்டியவன், டிரைவர்கள் சொல்லாத பேய்க் கதையா? அறந்தாங்கி தாண்டி ஒரு வளைவில் வெள்ளைப் புடவைக்காரி கை காட்டி வண்டியை நிறுத்துவாள் என்று எங்கள் ஷெட்டில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்வார்கள். ஒரு நாள் அந்த வளைவிலேயே வண்டியை நிறுத்தி, ஜனங்களை உட்காரச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்ப் பார்த்தேன். பனை மட்டையில் யாரோ காயப்போட்டு மறந்துபோன வேட்டி. அதைச் சுருட்டிக் கொண்டுவந்து ஷெட்டில் கட்டித் தொங்கவிட்டு, இந்தாங்கப்பா ஒங்க பேய், துவைச்சுக் கட்டிக்கங்க என்று சொன்னேன். ஒரு வாரம் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் நம்பினாலும் சரி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாலும் சரி, என் கண்ணால் பார்த்ததை மட்டும்தான் சொல்லப்போகிறேன்.

ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு வாக்கில் நடந்தது. கீரனூரில் கிளம்பி புதுக்கோட்டை, அறந்தாங்கி வழியாக மீமிசலில் போய் நிற்கிற வண்டியை அப்போது நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் போவது, மறுநாள் திரும்புவது. அறுபது மைல் புழுதி தின்றுவிட்டு மீமிசலில் இறங்கினால் உடம்பில் பாதி நிலம் ஒட்டியிருக்கும். குளிக்கிறதுக்காகக் கடற்கரையோரமாக நடந்து போனபோதுதான் அந்தக் குடியிருப்பைப் பார்த்தேன். மீமிசலிலிருந்து ஒரு மைல் இருக்கும். மொத்தமே இருபத்திரண்டு வீடு, இருபத்தொன்று கீற்று, ஒன்றே ஒன்று ஓடு. கோயில் ஒன்று, சின்ன சர்ச் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் வலை காயப்போடுகிற மணல்.

அந்த ஊரில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் சத்தமில்லாததைத்தான் சொல்வேன். நாள் முழுக்க என்ஜின் சத்தம், கண்டக்டர் விசில், முன்சீட்டுக்காரர்களின் குடும்பச் சண்டை என்று கேட்டுக் காது புளித்தவனுக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அங்கே கடல்கூட அலையடிக்காது, குளம் மாதிரி சும்மா கிடக்கும். ஆட்களும் அப்படித்தான். கரைக்கு மீன் வந்தால் யாருக்கு எவ்வளவு என்று ஒரு கத்தல் இருக்காது, பங்கு பிரிக்கிற பெண்கள் பேசாமல் கையாலேயே ஒதுக்குவார்கள், வீட்டில் ஆண்பிள்ளை இல்லாதவளுக்கும் ஒரு கூறு தானாகப் போய்ச் சேரும். நான் குளித்துவிட்டு ஈரத்தோடு நின்றால் யாராவது ஒருத்தர் நீச்சத்தண்ணி கொண்டுவந்து கொடுப்பார், நீ யார் எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களா என்று நான் வாயடைத்துப் போயிருக்கிறேன்.

அந்த ஓட்டு வீடு செல்லாயி அக்காவுடையது. அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயசு இருக்கும், வீட்டுக்காரர் கடலோடு போய்விட்டார். ஒரே மகள் வள்ளியைக் கீரனூரில் நான் குடியிருந்த தெருவிலேயே கட்டிக் கொடுத்திருந்தார். அதனால் மாதம் ஒரு முறை என் வண்டியில் கருவாட்டுக் கூடையோடு ஏறுவார், கூடையைப் பின்னால் போடச் சொல்லி நானும் கத்துவேன், அவரும் சிரித்துக்கொண்டே முன்னாலேயே வைப்பார். வள்ளி உண்டாகியிருந்தாள், அவளுக்கு மாமியாரும் கிடையாது. இனிமேல் மகளோடேயே இருந்துவிடலாம் என்று இருக்கிறேன், வீட்டைக் கொடுக்கிறேன் தம்பி என்று ஒரு நாள் ஸ்டியரிங் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னபோது, எவ்வளவுக்கா என்று ரோட்டைப் பார்த்தபடியே கேட்டுவிட்டேன். எனக்கும் பூரணத்துக்கும் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் ஏழு வாடகை வீடு. சொந்தமாக ஒரு கதவைச் சாத்தித் திறக்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆசை.

வீட்டைப் பார்க்கப் பூரணத்தை அழைத்துப் போனேன். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் முருங்கை, நல்ல தண்ணீர்க் கிணறு. மூன்று பக்கச் சுவரும் சுண்ணாம்பு அடித்து வெள்ளை வெளேரென்று இருந்தது. கிழக்கே கடலைப் பார்த்த நாலாவது சுவர் மட்டும், உயரமான சுவர் அது, அடியிலிருந்து நுனிவரை காவி. கோயில் மதிலுக்கு அடிக்கிற அதே செங்காவி. இதென்ன வீட்டுக்குப் பாதி சாமியார் வேஷம் என்று நான் கேலி செய்தேன். அக்கா கொல்லைக் கதவைத் திறந்துவிடப் போய்விட்டார்.

ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்தெல்லாம் முடிந்து வெளியே வந்தோம். சாவியை என்னிடம் தராமல் பூரணத்தின் கையில் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "வருஷா வருஷம் மார்கழிக்கு முன்னாடி கடல் பக்கத்துச் சொவத்துக்குக் காவி அடிச்சிருங்க தம்பி. அதை மட்டும் விட்டுறாதீங்க," என்றார். வேறு எதையும் கேட்கவில்லை. அந்த வீட்டில் இருபது வருஷம் வாழ்ந்தவர், கிணற்றைப் பற்றியோ முருங்கையைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. சரிக்கா என்று தலையை ஆட்டினேன். மனசுக்குள் நான் நினைத்தது என்ன தெரியுமா? வந்துட்டாங்கய்யா, இங்கேயும் ஒரு பேய் வச்சிருக்காங்க என்று நினைத்தேன். காத்து கருப்பு அண்டாமல் இருக்கக் காவி என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஏன் அக்கா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்த டிரைவரல்லவா.

கார்த்திகையில் நாள் பார்த்துப் பால் காய்ச்சினோம். அதற்கு முந்தின வாரம் மழை விட்டதும் மீமிசலிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிவந்து நாலு சுவருக்கும் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன். காவிச் சுவருக்கு மூன்று கை அடித்தும் சிவப்பு எட்டிப் பார்த்தது, நாலாவது கை அடித்த பிறகுதான் போயிற்று. வேண்டுமென்றேதான் செய்தேன். காவி அடிக்காவிட்டால் எந்தப் பேய் வருகிறது பார்ப்போம் என்று ஒரு திமிர். இன்னொரு நினைப்பும் இருந்தது. விடியற்காலைப் பனியில் நான் பஸ் ஓட்டுவது எதை நம்பி? ரோட்டோரப் புளியமரங்களுக்கு அடித்திருக்கிற சுண்ணாம்புப் பட்டையை நம்பித்தான். வெள்ளையைப் போலக் கண்ணுக்குத் தெரிகிற நிறம் உலகத்தில் கிடையாது என்பது என் கணக்கு. அந்த வெள்ளை தெரிவது என் ஹெட்லைட் வெளிச்சத்தால் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

பக்கத்து வீட்டுச் சந்தியாகு, என் வயசுதான் இருக்கும், அன்று சாயங்காலம் வந்து அந்தச் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். கீரனூரிலிருந்து எங்கள் சட்டி பானையையெல்லாம் பஸ் டாப்பில் ஏற்றி வந்தபோது தலைச்சுமையாக வீடுவரை தூக்கி வந்தவர் அவர்தான். எப்படி இருக்கு என்று கேட்டேன். "ஒங்க வீடுண்ணே, ஒங்களுக்குப் பிடிச்சாச் சரி," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். புதுசாக வீடு வாங்கி வந்தவனிடம் அந்த வீட்டில் முதல் பொங்கல் பொங்குகிறவரைக்கும் ஒரு குறையும் சொல்லக் கூடாது என்பது அந்த ஊர் மரியாதை. பொங்கல் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார்கள். எவ்வளவு பெரிய விஷயத்துக்கு எவ்வளவு பெரிய மரியாதை, பாருங்கள்.

பூரணத்துக்கு அந்த ஊர் உடனே ஒட்டிக்கொண்டது. அவளுக்கு ஒரே ஒரு குறை, வாசல் தெளிக்கச் சாணி கிடைக்கவில்லை. ஊரில் பேருக்குக்கூட ஒரு மாடு கிடையாது, ஆடுதான். மீமிசலுக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமைக்கு மட்டும் வாங்கி வைத்துக்கொள்வாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால் பின்னால் வேண்டியிருக்கும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு முந்தின வாரம், வியாழக்கிழமை. எனக்கு ஓய்வு நாள். விடிந்து கொல்லைக் கதவைத் திறந்தால் எதிரே கிணறு தெரியவில்லை. அப்படி ஒரு பனி. கையை நீட்டினால் விரல் மங்கலாகத் தெரிகிறது, அவ்வளவுதான். நம் ரோட்டில் பனி என்றால் அங்கங்கே திட்டுத் திட்டாக இருக்கும், இது பாலை ஊற்றிவிட்டது மாதிரி வானத்துக்கும் தரைக்கும் ஒன்றாக நின்றது. கரைப்பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. போய்ப் பார்த்தால் ஊர்ப் பெண்கள் எல்லோரும் தண்ணீர் ஓரத்தில் நிற்கிறார்கள். முந்தின நாள் சாயங்காலம் இரண்டு வத்தை, பாய்மரம் கட்டின படகு, ஒன்பது ஆட்களோடு வலைக்குப் போயிருந்தது. சந்தியாகு ஒரு வத்தையில். வெளுத்ததும் திரும்பியிருக்க வேண்டும், இன்னும் காணவில்லை.

நான் கவனித்த முதல் விஷயம் இது. அந்தப் பெண்கள் கடலைப் பார்த்து நிற்கவில்லை. திரும்பித் திரும்பி என் வீட்டைப் பார்க்கிறார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன். அங்கே வீடே இல்லை. பனியும் வெள்ளை, சுவரும் வெள்ளை, மணலும் வெள்ளை. முப்பது தப்படி தூரத்தில் இருக்கிற என் சொந்த வீடு எனக்கே தெரியவில்லை.

சந்தியாகுவின் மனைவி மிக்கேலம்மாளிடம் என்னம்மா என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, பொங்கல் முடியட்டும் என்று இருந்தோம் அண்ணே என்றுதான் ஆரம்பித்தார். படகு உள்ளே வருகிற முகத்துவாரம் ஒரு வண்டி அகலம்தான். அதற்கு இரண்டு பக்கமும் சேறு, சேற்றுக்குள் எந்தக் காலத்திலோ நட்ட கட்டைகள் கூராக நிற்கின்றன, தண்ணீர் வற்றுகிற நேரத்தில் அதன்மேல் ஏறினால் பலகை பிளந்துவிடும். நங்கூரம் போட்டு நிற்கலாமே என்றேன். மார்கழி நீரோட்டம் நங்கூரத்தையும் சேர்த்து அந்தக் கட்டைப் பக்கம் இழுக்கும் என்றார். செல்லாயி அக்காவின் வீட்டுக்காரர் இப்படி ஒரு பனி நாளில்தான் முகத்துவாரம் தெரியாமல் கட்டையில் ஏறி, கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் போயிருக்கிறார். குரல் கேட்டதாம், பனியில் எந்தப் பக்கமிருந்து என்று யாருக்கும் தெரியவில்லையாம். அதற்கப்புறம்தான் அக்கா அந்தச் சுவருக்குக் காவி அடிக்க ஆரம்பித்தார். பனியில் வெள்ளை கரைந்துபோகும், சிவப்பு மட்டும் ஒரு மங்கலாகவாவது நிற்கும், அதற்கு நேரே பாயைப் பிடித்தால் வழி சரியாக இருக்கும். அந்தச் சுவர் சிவந்த நாளிலிருந்து ஒரு ஆள்கூட அங்கே சாகவில்லை.

அதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒன்பது பேர். அதில் ஒருத்தர் என் பானையைத் தலையில் தூக்கி வந்தவர். எதை மூடநம்பிக்கை என்று சிரித்தேனோ அது நம்பிக்கையே இல்லை, என் புளியமரத்துப் பட்டை மாதிரி ஒரு அடையாளம், அதை நான் என் கைக்காசு போட்டு நாலு கை சுண்ணாம்பால் மூடி வைத்திருக்கிறேன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர்கள் தட்டுவதற்குத் தகரமும் அண்டாவும் எடுத்துவர வீட்டுக்கு ஓடினார்கள். பூரணம் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மீமிசலுக்கு ஓடினேன். பனியில் வழி தெரியாமல் இரண்டு தடவை வேலியில் போய் விழுந்தேன். கடைக்காரரைத் தட்டி எழுப்பி, காவிக்கட்டி இருந்ததையெல்லாம் வாரி மடியில் கட்டிக்கொண்டு திரும்பி ஓடிவந்தேன். கரையில் பெண்கள் தகரத்தையும் அண்டாவையும் தட்டிக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வருகிற மாதிரிதான் எனக்கே கேட்டது. வாளியில் தண்ணீர் ஊற்றிக் காவிக்கட்டியைப் போட்டுக் கையால் நசுக்குகிறேன், கரைந்து தொலைய மாட்டேன் என்கிறது, அப்போது கரையில் தகரச் சத்தம் ஒன்றாக நின்றது.

ஐயோ, முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பூரணம் ஓடிவந்து, வந்துட்டாங்க, ரெண்டும் வந்துருச்சு என்றாள். சிவந்த கையோடு கரைக்குப் போனேன். இரண்டு வத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக, அளவெடுத்துத் தைத்த மாதிரி முகத்துவாரத்துக்குள் வந்து நிற்கின்றன. ஒன்பது பேரும் இருக்கிறார்கள். சந்தியாகு முதலில் குதித்தார், நேராக என்னிடம் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்த மனிதர் அழுது நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

"நல்ல நேரத்துல காவி அடிச்சீங்கண்ணே. கட்டைக்குப் பக்கத்துல போயிட்டோம். திடீர்னு சொவரு செவப்பா எந்திரிச்சு நின்னுச்சு," என்றார். நான் காவியே அடிக்கவில்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "அது சரி, மாடே இல்லாத ஊர்ல சொவத்துல வறட்டி தட்டி வச்சிருக்கீங்களே. கீழ வரிசையா மூணு, ஒண்ணு மட்டும் தள்ளி."

மற்ற வத்தையில் வந்தவரும், ஆமாம், நாலு வறட்டி, நானும் பார்த்தேன் என்றார். வேறு யாரோ, டிரைவர் ஊர்ப்பழக்கம் போகுமா என்றார். எல்லோரும் உயிர் வந்த சந்தோஷத்தில் சிரித்தார்கள். நானும் பூரணமும் மட்டும் சிரிக்கவில்லை.

அரைமணி நேரத்தில் வெயில் ஏறிப் பனி விலகிற்று. சுவர் தெரிந்தது. பளிச்சென்று வெள்ளை, ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை, வறட்டியும் இல்லை. முன்னால் நசுங்காத காவிக்கட்டியோடு வாளி கிடந்தது. அந்த ஒன்பது பேரும் மீனைக்கூட இறக்காமல் நின்று பார்த்தார்கள். சந்தியாகு தலைத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். யாரும் கத்தவில்லை, யாரும் சாமியாடவில்லை, எது எப்படி என்று ஒரு கேள்வி வரவில்லை. அப்புறம் மீனை இறக்கப் போனார்கள். மத்தியானத்துக்குள் அவர்களே நாலு பேர் வந்து ஏணி போட்டு, என்னையும் காவி தோய்த்து அடிக்கிற ஒரு மட்டையைப் பிடிக்கச் சொல்லி, அந்தச் சுவருக்குக் காவி அடித்து முடித்தார்கள். அந்த ஊர்க்காரர்களை நான் மதிக்கிறேன் என்றால் சும்மா மதிக்கவில்லை.

பசியில் ஏதோ பார்த்திருப்பார்கள், உதிக்கிற சூரியன் பனியில் பட்டுச் சிவப்பாகத் தெரிந்திருக்கும் என்றெல்லாம் நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். சூரியன் உதிப்பது கிழக்கே, அவர்கள் பார்த்தது மேற்கே என்று பூரணம் ஒரே வார்த்தையில் அடித்துவிட்டாள்.

பொங்கல் கழிந்து இரண்டாம் நாள் கீரனூருக்கு வண்டி கொண்டுபோனேன். வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு, அக்காவுக்கென்று சந்தியாகு கொடுத்தனுப்பிய கருவாட்டை எடுத்துக்கொண்டு வள்ளி வீட்டுக்குப் போனேன். நடந்ததை நான் யாருக்கும் சொல்லவில்லை, கண்டக்டருக்குக்கூட மூச்சு விடவில்லை. வாசலில் வள்ளி வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள், என்னைப் பார்த்ததும் அம்மாவைப் பற்றிப் புகார் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். போன வியாழக்கிழமை விடியும்போதே எழுந்து, பொங்கலுக்குக் கோலத்தைச் சுற்றிப் போட வைத்திருந்த காவியையெல்லாம் கரைத்து, கொல்லைப்புறச் சுவருக்கு அடித்துவிட்டதாம். ஒரே மூச்சாக அடித்துவிட்டுச் சுவருக்கு எதிரே போய் வெயில் ஏறுகிறவரை நின்றதாம். பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க, நீங்களாவது சொல்லுங்க மாமா என்றாள்.

உள்ளேயிருந்து அக்கா வந்தார். வா என்று சொல்லவில்லை, கருவாட்டுப் பொட்டலத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எல்லாரும் கரைக்கு வந்துட்டாகளா?"

வந்துட்டாங்கக்கா என்றேன். ஒன்பது பேருமா என்றார். ஒன்பது பேரும் என்றேன். எத்தனை பேர் போனார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு அப்புறம்தான் தோன்றியது. அவர் ஒரு பெருமூச்சு விட்டுத் தலையை ஆட்டிவிட்டு, சாப்டுட்டுப் போங்க தம்பி என்று அடுப்படிக்குப் போய்விட்டார். நான்தான் பின்னாலேயே போய், தப்புப் பண்ணிட்டேன்க்கா என்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். "நான் காரணத்தைச் சொல்லியிருக்கணும். அதைச் சொன்னா அவரைப் பத்தி அழுதுருவேன்னு சொல்லல," என்றார்.

கைகழுவுகிற சாக்கில் கொல்லைப்புறம் போனேன். சுவர் முழுக்கச் செங்காவி. அதற்கு எதிரே கடலும் இல்லை, ஒரு குளம்கூட இல்லை, சோளக்கொல்லைதான். மகள் தட்டியிருந்த வறட்டியைக்கூட எடுக்காமல், அதைச் சுற்றிச் சுற்றியே காவி அடித்திருந்தார். கீழே வரிசையாக மூன்று வறட்டி. ஒன்று மட்டும் தள்ளி.

வள்ளி வந்து, மாமா எலை போட்டாச்சு என்று கூப்பிட்டபோதுதான் திரும்பினேன்.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் வெள்ளைப் புடவையை இறங்கிப் பார்த்தவனுக்குப் புத்தி சும்மா இருக்குமா? மாசி மாதம் கீரனூரிலிருந்து நாலு வறட்டியைச் சாக்கில் கட்டி பஸ்ஸிலேயே கொண்டுபோனேன், கண்டக்டர் என்னைப் பைத்தியம் என்றார். நம் காவிச் சுவரில் அதே மாதிரி வரிசையாக மூன்று, ஒன்று தள்ளி, சேறு வைத்து ஒட்டினேன். பனியில்லாத நல்ல வெயிலில் சந்தியாகுவோடு வத்தையில் ஏறி, அன்றைக்கு நீங்கள் நின்ற இடத்துக்குக் கொண்டுபோங்கள் என்றேன். கொண்டுபோய் நிறுத்தினார். பக்கத்தில் கட்டைகள் கூராகத் தண்ணீருக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டிருந்தன. கரையைப் பார்த்தேன். அவ்வளவு வெயிலில் என் சுவர் ஒரு கட்டைவிரல் நகம் அளவுக்குச் சிவப்பாகத் தெரிந்தது. வறட்டி தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன், எழுந்து நின்று பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. ரோட்டில் அரை மைலுக்கு முன்னால் மாடு குறுக்கே வருவதைப் பார்க்கிற கண் என்னுடையது.

"இங்கேருந்து எப்படிய்யா வறட்டியை எண்ணுனீங்க?" என்று கேட்டேன்.

சந்தியாகு துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்து மடியில் குறுக்காக வைத்துக்கொண்டார். கரையைப் பார்க்கவில்லை. வத்தைக்கு முன்னால், வெறும் தண்ணீரை, இரண்டு கையை விரித்தால் எட்டுகிற ஒரு பாகம் தூரத்தைப் பார்த்துச் சொன்னார்.

"அன்னைக்கு அது அங்கிட்டு இல்லண்ணே. இந்தா, இங்கன நின்னுச்சு. தொட்டுப் பாத்தேன், ஈரமா இருந்துச்சு."

சொல்லிவிட்டு வலது கையை விரித்து என்னிடம் காட்டினார். பொங்கல் போய் மாசியும் வந்துவிட்டது, தினமும் உப்புத் தண்ணீரில் கிடக்கிற கை அது. நடு மூன்று விரலின் நுனியில் காவி இருந்தது.